தறிக்குப் போக மிச்சம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வாடகைக்கு வீடு கேட்டு நின்றபோது, வீட்டுக்கார அம்மா முதலில் கேட்டது, "தறி போடுவீங்களா தம்பி?" எத்தனை பேர், என்ன வேலை, கவிச்சி உண்டா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். இல்லை என்றேன். அந்த முகத்தில் தெரிந்தது நிம்மதியா, வருத்தமா, பிடிபடவில்லை.

சென்னையிலிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர்தான். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் திருமால்பூர் போகும் ரயில் இங்கே நிற்கிறது. ஆனால் பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு வேறு கணக்கில் கட்டப்பட்டது. வெளிச்சம் விழும் கூடம் தறிக்கு, மிச்சம் மனிதர்களுக்கு. என் கூடத்தின் தரையில் ஓரிடத்தில் மட்டும் சிமெண்டு நிறம் மாறியிருக்கிறது. நெய்கிறவர் காலை இறக்கி மிதிக்கும் தறிக்குழி இருந்த இடம். வீட்டுக்கார அம்மாவின் மகன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போனதும் மண் கொட்டி மூடிவிட்டார்கள். அதன்மேல் பீரோவை வைத்தேன். லேசாக ஆடுகிறது.

விடிகிற நேரத்தில் தெருவில் பாவு நீட்டுவார்கள். மூன்று புடவைக்கான பட்டு இழைகள் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும்போது ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாது; எடுக்கவும் கூடாது. வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். பால் வாங்கப் போகிறவர்கள் சுவரோரமாக ஒட்டி நடக்கிறார்கள். நானும் அப்படியே.

பக்கத்து வீட்டில் இன்னும் தறி ஓடுகிறது, அதுவும் கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு இன்னொரு நிறம். மூன்று நாடா வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து நாடா வாங்கித் தர இன்னோர் ஆளும் வேண்டும். முன்பெல்லாம் அந்த இடத்தில் சிறுவர்கள் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடம் அவர்களை அழைத்துக்கொண்டது, நல்லதுதான். இப்போது அந்த வீட்டு அக்கா சமையலை முடித்துவிட்டு வந்து உட்காருகிறார். இரண்டு பேர் உழைப்புக்கு ஒரு கூலி. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டு ஆகிவிட்டது. காந்தி ரோட்டுக் கடைகளின் கண்ணாடியில் அது பளபளக்கிறது. அக்காவிடம் கேட்டால், "அது கடைக்காரங்களுக்கு" என்கிறார்.

மழைக்காலத்தில் அவர்களுக்கு வேலையே இல்லை. குழியில் தண்ணீர் ஊறிவிடும். இழை வேறு ஈரத்தில் இளகும். அந்த நாட்களில் தெரு முழுக்க அமைதி. எனக்குத் தூக்கம் வருவதில்லை.

வழி கேட்டால் ஊரில் யாரும் கதவு எண் சொல்வதில்லை. ஏகாம்பரநாதர் கோபுரத்துக்கு எந்தப் பக்கம் என்பதுதான் விலாசம். 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. இன்று ஆட்டோக்காரருக்கு உதவுகிறது.

வைகாசி கருட சேவைக்குச் சின்ன காஞ்சிபுரத்து வரதர் இந்தப் பக்கம் எழுந்தருளுவார். "சொந்தக்காரங்க வருவாங்க, கூடத்தை ஒழிச்சுக் குடுத்துடணும்" என்று வீட்டுக்கார அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். வாடகை ஒப்பந்தத்தில் அது இல்லை. எழுதாத இன்னொரு நிபந்தனையும் உண்டு: மகன் கம்பெனியை விட்டுவிட்டு வந்தால் குழியை மறுபடி தோண்டுவார்கள், பீரோவை நான் நகர்த்திக்கொள்ள வேண்டும். சரி என்று சொல்லியிருக்கிறேன். அவர் மகன் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது இதைச் சொன்னால் சிரிக்கிறார்.