நீராகாரம்

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து விலகிச் செல்லும் ஒரு தெருவில் எங்கள் அம்மாவின் வீடு இருக்கிறது. நாங்கள் அக்காள் தங்கை இருவர். ஒருத்தி சேலையூருக்கும் மற்றவள் குரோம்பேட்டைக்குமாக வாழ்க்கைப்பட்டுப் போனோம். தம்பி அம்மாவோடு இருக்கிறான். 2019 ஆடி மாதத்திலிருந்து அம்மாவின் இடது சிறுநீரகம் அவனுடைய வலப்பக்க அடிவயிற்றில் இருந்துகொண்டு வேலை செய்கிறது. அம்மாவின் வழக்கில் சொன்னால், "ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு அவன்கிட்ட."

அவனைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சிறுநீரகத்தைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்கத் தெரியாத உறவினர் இப்போது எங்கள் குடும்பத்தில் இல்லை. வயிறு எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை, 2022 கத்திரி வெயில் வரையில்.

அதைச் சொல்வதற்கு முன் எங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தம்பிக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது சிறுநீரகம் தருவதற்கு நாங்கள் இருவரும் பரிசோதனைக்குப் போனோம். ஒருத்திக்கு இரத்தப் பிரிவு ஒத்துவரவில்லை. மற்றவளுக்குச் சர்க்கரை நோயின் விளிம்பு என்று திருப்பி அனுப்பினார்கள். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெறும் திட்டம் 2008 முதல் நடக்கிறது. அதிலும் பெயர் பதிந்தோம். வரிசை நீண்டுகொண்டே போயிற்று. ஐம்பத்தெட்டு வயதில் அம்மா, "என்னுதைப் பாருங்க" என்றாள். பொருந்தியது. அந்தச் செய்தி வந்த மாலையில் நாங்கள் பட்டது ஆறுதலா, வெட்கமா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தர முடியாதவர்கள் காவல் காக்கலாம் என்று எங்களுக்குள் ஒரு தீர்மானம் உண்டாயிற்று போலும். அறுவைச் சிகிச்சை முடிந்து அவர்கள் இருவரும் வீடு திரும்பிய நாளிலிருந்து அந்த வீட்டு அடுக்களையை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இந்தப் பக்கத்தில் தண்ணீரைப் பற்றிய பயம் புதிதல்ல. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது, எங்கள் வீட்டுக் கீழ்த்தொட்டியில் சாக்கடையும் ஏரித் தண்ணீரும் ஒன்றாய்க் கலந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு, லாரித் தண்ணீர் எந்த ஊருடையது என்று தெரியாது, கேன் தண்ணீர் யார் நிரப்பியது என்று தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் கொதிக்கவைத்தோம். கடைச் சட்னி கூடாது, வெட்டி வைத்த பழம் கூடாது, நேற்றைய குழம்பு கூடாது. பம்பளிமாஸ் கூடவே கூடாது. அதன் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும் என்று மருத்துவமனையில் தந்த தாளில் இருந்தது. பழைய சோறு கூடாது என்பதை யாரும் சொல்லக்கூட இல்லை, நாங்களே சேர்த்துக்கொண்டோம். தாம்பரத்து வெயிற்கால இரவில் பதினான்கு மணி நேரம் தண்ணீரில் கிடந்த சோற்றில் நல்ல கிருமியும் வளரும், கெட்ட கிருமியும் வளரும். எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் உடம்பில் அந்தச் சூதாட்டம் எதற்கு?

அம்மா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. மண்சட்டியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், தனக்கு மட்டும் சோறு ஊறவைத்துக்கொண்டாள்.

2022 மே மாதம் தம்பிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நாளுக்கு ஏழெட்டு முறை. வெயில் சூடு என்று இரண்டு நாள் விட்டுவிட்டோம். அது எங்கள் முதல் பிழை. மூன்றாம் நாள் பரிசோதித்தபோது 1.2 ஆக இருந்த கிரியாட்டினின் 2.1. டாக்ரோலிமஸ் என்னும் மருந்தின் அளவு இரத்தத்தில் எட்டுக்குள் நிற்க வேண்டியது, பதினான்கைத் தாண்டியிருந்தது. "மாத்திரையைச் சரியாத்தானே போட்டேன்?" என்று அவன் எங்களையே கேட்டான். சரியாகத்தான் போட்டிருந்தான். காலை ஒன்பது, இரவு ஒன்பது, ஒரு வேளைகூடத் தப்பவில்லை.

அன்றிரவு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அம்மா சொன்னாள், கோடை தொடங்கியதிலிருந்து வாரம் இரண்டு நாள் அவனுக்கு நீராகாரம் கொடுத்து வந்ததாக. கேட்டது அவன்தான். "வாயெல்லாம் கசக்குது, ஒரு டம்ளர் குடும்மா" என்றானாம். நாங்கள் அவளைப் பேசியவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் மறைப்பது சரியாகாது: கொடுத்ததை நீயே கெடுத்துவிட்டாய் என்ற பொருளில் எங்களில் ஒருத்தி சொன்னாள். மற்றவள் மறுக்கவில்லை. அம்மா தன் விலாப்பக்கத்துத் தழும்பின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பணியிலிருந்த சிறுநீரக மருத்துவர், வயதில் எங்களைவிட இளையவர், ஒரு காகிதத்தில் குடலை வரைந்து அரைமணி நேரம் விளக்கினார். அதுவரை குடல் என்பது எங்களுக்கு ஒரு குழாய்தான். டாக்ரோலிமஸ் விழுங்கியபடியே இரத்தத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. குடற்சுவரின் செல்களில் இருக்கும் நொதிகள் அதில் பெரும்பகுதியைச் சிதைக்கின்றன. அங்குள்ள புரதங்கள் சில, உள்ளே வந்த மருந்தைத் திரும்பக் குடலுக்குள்ளேயே தள்ளுகின்றன. வயிற்றுப்போக்கில் குடலின் உள்தோல் புண்பட்டு அழலும்போது இந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. அதே மாத்திரை, அதே நேரம், ஆனால் உள்ளே போவது இருமடங்கு. அளவு மிஞ்சிய டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களை இறுக்கும். உடம்பில் நீர் வற்றியிருப்பது அதற்கு மேல் ஒரு சுமை. காக்க வந்த மருந்தே கழுத்தை நெரிக்கிற கதை.

அப்படியானால் வயிற்றுப்போக்கு எதனால்? மலப் பரிசோதனையில் நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை, வைரஸ் சோதனையிலும் ஒன்றும் இல்லை. மருத்துவரின் சந்தேகம் இன்னொரு மாத்திரையின்மேல் சென்றது: மைக்கோஃபினோலேட். அதைக் கல்லீரல் கட்டிப்போட்டுப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் சில தம் நொதியால் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகின்றன. விடுபட்ட மருந்து பெருங்குடலின் தோலை எரிக்கிறது. நோயாளிக்கு நோயாளி இது வேறுபடுவதற்கு, அவரவர் வயிற்றில் குடியிருப்போர் யார் என்பதும் ஒரு காரணம் என்றார். அந்த மருந்தின் அளவைக் குறைத்து, குடலில் சென்று கரையும்படி உறையிட்ட வேறு வடிவத்துக்கு மாற்றினார். டாக்ரோலிமஸையும் சில நாள் குறைத்தார். ஐந்தாம் நாள் வயிறு அடங்கியது. பதினைந்தாம் நாள் கிரியாட்டினின் 1.3.

நீராகாரத்தைப் பற்றி நாங்கள்தான் கேட்டோம், அம்மாவை வெளியில் உட்காரவைத்துவிட்டு. "அதுதான் காரணம்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்லை. அதுக்காகக் குடிக்கலாம்னும் சொல்லலை" என்றார். இன்றுவரை எங்களிடம் இருக்கும் தீர்ப்பு அதுதான்.

பிறகு நாங்கள் படிக்கத் தொடங்கினோம். புரிந்தது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் எங்களை நெடுநாள் உறங்கவிடவில்லை. சிறுநீரகம் பழுதுபட்ட ஆண்டுகளிலேயே குடலும் பழுதுபடத் தொடங்கிவிடுகிறதாம். வெளியேற வழியற்ற யூரியா குடலுக்குள் கசிய, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக்க, குடற்செல்களுக்கு இடையேயான பிணைப்பு நெகிழ்ந்து, நுண்ணுயிர்களின் நச்சுத் துணுக்குகள் இரத்தத்தில் கலந்து, உடம்பெங்கும் தணலைப்போல் ஓர் அழற்சி நீடிக்கிறது. பொட்டாசியத்துக்கு அஞ்சி நாங்கள் காய்கறிகளை வேகவைத்து நீரை வடித்துக்கொட்டி, கீரையையும் பழத்தையும் விலக்கி அவனுக்குச் சோறு போட்ட நாட்களை நினைத்துக்கொண்டோம். அப்போது அது தேவைதான். நார்ச்சத்தை உண்டு, குடற்சுவருக்கு உணவான கொழுப்பமிலங்களைச் சமைத்துத் தருகிற நுண்ணுயிர்கள் எங்கள் கையாலேயே பட்டினி கிடந்தன என்பதும் உண்மைதான். மாற்றுச் சிகிச்சைக்குப் பின் நோய்த்தொற்றைத் தடுக்கத் தரும் ஆன்டிபயாடிக்குகள் மிச்சமிருந்தவற்றையும் குறைத்திருக்கும். நெதர்லாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மல மாதிரிகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, உறுப்பு மாற்றுப் பெற்றவர்களின் குடல் நுண்ணுயிர்கள் பெரிதும் சீர்குலைந்திருப்பதையும், சீர்குலைவு மிகுந்தவர்களிடையே இறப்பும் மிகுந்திருப்பதையும் காட்டியது. எது காரணம் எது விளைவு என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

இதில் இலக்கிய வாசகர்களுக்குப் பிடிக்கக்கூடிய விசித்திரம் ஒன்று உண்டு. டாக்ரோலிமஸ் 1984இல் ஜப்பானின் சுக்குபா பகுதி மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. அதற்கு முன்னோடியான சைக்ளோஸ்போரின், நார்வே நாட்டுப் பீடபூமி ஒன்றின் மண்ணிலிருந்த பூஞ்சையின் கொடை. மைக்கோஃபினோலிக் அமிலத்தை 1893இல் இத்தாலியரான கோசியோ, மக்காச்சோளத்தைக் கெடுத்த பூஞ்சணத்திலிருந்து பிரித்தார். ஊறியதும் பூத்ததும் கூடாது என்று அம்மாவின் சட்டியைப் பின்கட்டுக்குத் துரத்திய நாங்கள், பூஞ்சணமும் மண்ணும் தந்ததைத்தான் வெள்ளித்தாள் கிழித்து வேளை தவறாமல் அவன் கையில் வைத்துக்கொண்டிருந்தோம்.

மெச்னிகாஃபையும் அந்நாட்களில்தான் அறிந்தோம். அந்நியப் பொருளை வெள்ளணுக்கள் சூழ்ந்து விழுங்குவதைக் கண்டு, அழற்சியை உடம்பின் காவலாகப் படிக்கக் கற்றுத்தந்தவர். அதற்காகவே 1908இல் நோபல் பரிசு பெற்றவர். அவரேதான் முதுமைக்குக் காரணம் பெருங்குடலின் அழுகல் என்று நம்பி, பல்கேரியர்களின் தயிரைப் புகழ்ந்து எழுதினார், தாமும் புளித்த பாலை உண்டுவந்தார். அழற்சியும் தயிரும் ஒரே மனிதரின் மேசையில் இருந்திருக்கின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் நோயாளிகளுக்காகப் பழைய சோற்றை ஆராய முற்பட்டிருக்கிறார்கள் என்ற செய்தியைப் படித்துக் காட்டியபோது அம்மா, "அதுக்கு ஆஸ்பத்திரி வேணுமா?" என்று கேட்டுவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள்.

2024 டிசம்பரில் பல்லாவரம் பக்கம் வயிற்றுப்போக்கால் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், சிலர் இறந்தார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்ததா என்று தொலைக்காட்சியில் வாதிட்டுக்கொண்டிருந்த அந்த வாரம் முழுதும் நாங்கள் மாறி மாறித் தம்பிக்குத் தொலைபேசினோம். நாங்கள் விசாரித்தது கிரியாட்டினினை அல்ல. "வயிறு எப்படிடா இருக்கு?" என்றுதான்.

இப்போது அவனுக்கு வீட்டில் காய்ச்சி உறையூற்றிய அன்றன்றைய தயிருக்கு அனுமதி உண்டு. பொட்டாசியம் அனுமதிக்கிற நாளில் வாழைத்தண்டு, அவரைக்காய், நன்றாய்க் கழுவி வேகவைத்த கீரை. நீராகாரம் இல்லை. நாங்கள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோமா என்றால், கேட்டோம், ஓராண்டு கழித்து, கார்த்திகை தீபத்தன்று, அகல் துடைத்துக்கொண்டிருக்கும்போது. "எதுக்குடி அதெல்லாம்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சென்ற ஞாயிறு போனபோது அம்மா பின்கட்டுப் படியில் உட்கார்ந்து சட்டியைக் கையால் பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் தம்பி, டம்ளரில் ஆறிய வெந்நீரோடு. சின்ன வெங்காயத்தை உரித்து அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் அம்மா சட்டியை லேசாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.