மணலில் அமர்ந்தோரும் நின்றோரும்

ஓய்வைக் காட்டும் சித்திரத்தில் உழைப்பைத் தேடுவது சிலருக்கு வீண் வம்பாகத் தோன்றலாம். ஆயினும், நான் மிக விரும்பிப் பார்க்கும் செதுக்குச் சித்திரம் ஒன்று என்னை அத்தேடலுக்கே இட்டுச் செல்கின்றது. அதன் பெயர் 'றாம்ஸ்கேற் மணற்பரப்பு'. இங்கிலாந்தின் கென்ற் கரையிலுள்ள அப்பட்டினத்தின் கோடைக்காலக் கூட்டத்தை வில்லியம் பவெல் பிறித் என்னும் ஓவியர் தீட்டி, 1854 இல் காட்சிக்கு வைத்தார். விக்ரோறியா மகாராணி அதனை வாங்கிக்கொண்டார். பின்னர், ஷார்ப் என்ற செதுக்குக் கலைஞர் அதனை உலோகத் தகட்டிற் கோடுகளாக வெட்டினார். 1859 இல் இலண்டன் கலைச் சங்கம் அதன் பிரதிகளைத் தன் சந்தாதாரருக்கு வழங்கிற்று.

ஓவியர் கடலை வரையவில்லை. கடலில் நின்று கரையை வரைந்துள்ளார். ஆதலால் நாமும் கணுக்கால் நீரில் நின்றே அம்மனிதரைக் காண்கிறோம். ஒருவர் பத்திரிகை படிக்கிறார். சிறுவர் மணலைத் தோண்டுகின்றனர். குடைநிழலிற் பெண்கள் அமர்ந்திருக்கின்றனர். முன்னால், பாவாடையைத் தூக்கிப் பிடித்த ஒரு சிறுமி, தாயின் துணையோடு அலையிற் கால் வைக்கத் தயங்குகிறாள். அச்சமும் ஆவலும் கலந்த அவள் முகம் எக்காலத்துக் குழந்தைக்கும் உரியது. வர்ணம் ஏதுமின்றி, கோடுகளின் நெருக்கத்தாலும் அகலத்தாலும் மட்டுமே பட்டின் மினுக்கத்தையும் ஈரமணலின் மங்கலையும் பிரித்துக் காட்டிய கைத்திறன் வியக்கத்தக்கது.

வகுப்பில் இப்படத்தைக் காட்டியபோது ஒரு மாணவன், "கடலுக்கு வந்தவர்கள் ஏன் சேர் குளிக்கவில்லை?" என்று கேட்டான். கழுத்து முதல் கால்வரை உடுத்து அமர்ந்திருப்பதே அவ்வர்க்கத்தின் கௌரவம். குளிப்போர் சக்கரம் பூட்டிய மரப்பெட்டிகளினுள் மறைந்து நீருக்குச் செல்வர். ஆனால் அவனது கேள்வி, அமர்ந்திராதோரையும் என்னை நோக்கச் செய்தது. பிராணிகளைக் கொண்டு வித்தை காட்டுவோன், கழுதைச் சவாரிக்காரர், முகத்திற் கரி பூசிப் பாடும் வெள்ளையர்! பிரித்தானியப் பேரரசில் அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டம் 1833 இல் நிறைவேறியது. இருபது ஆண்டுகளின் பின் கறுப்பு மனிதனின் முகம் அக்கரையில் வேடிக்கைப் பொருளாயிற்று. அமெரிக்காவிலோ அவன் 1865 வரை விலைப்பொருளாகவே இருந்தான். பிறித் இதனைக் கண்டிக்கவில்லை, ஆயினும் மறைக்கவுமில்லை. யதார்த்தக் கலையின் நன்மை இதுவே.

புகையிரதம் 1846 இல் றாம்ஸ்கேற்றை எட்டியது. ஆனால் பயணச்சீட்டு மட்டும் போதுமா? ஒரு நாள் ஓய்வும் வேண்டுமே! நெசவாலைகளிற் பெண்களுக்கும் இளைஞருக்கும் பத்து மணி நேர வேலை என்ற சட்டம், தொழிலாளரின் நெடுங்காலக் கிளர்ச்சியின் பின் 1847 இலேயே வந்தது. வங்கி விடுமுறைச் சட்டம் 1871 இல் வந்தது. ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டத்துக்கு 1938 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அரண்மனைச் சுவரிலிருந்து இப்படத்தை அச்சுக்கலை இறக்கிக் கொணர்ந்தது உண்மையே. எனினும், கலைச் சங்கத்தின் சந்தா ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். அன்றைய விவசாயக் கூலியாளின் வாரக் கூலியிலும் அது அதிகம். மகாராணியின் மாளிகையினின்றும் நடுத்தர வர்க்கத்தின் கூடம்வரை வந்த படம், அவன் குடிசை வாசலை எட்டவில்லை.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னரும் இச்சித்திரத்தின் மீது எனக்குள்ள பிரியம் குறையவில்லை. கடற்காற்றும் சும்மாவிருக்கும் ஒரு பகற்பொழுதும் மனிதனுக்கு எத்துணை இன்பமானவை என்பதை இது சொல்கிறது. அவ்வின்பம் சட்டமாகவும் உரிமையாகவும் மாறுவதற்கு, அந்த மணலில் ஒருநாளும் அமராத எத்தனையோ பேர் போராட வேண்டியிருந்தது. மாணவரிடம் இப்படத்தை மீண்டும் கொடுக்கும்போது நான் வேண்டுவது ஒன்றே: முதலிற் சிறுமியைப் பாருங்கள், பின்பு, நின்றுகொண்டிருப்போரை எண்ணுங்கள்.