கேளாமற்போன மறையுரை

1981ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள், இலண்டன் மாநகரின் புனித பவுல் பேராலயத்தில், பிரித்தானியப் பட்டத்து இளவரசர் சார்ல்சுக்கும் டயானா ஸ்பென்சர் என்னும் இருபது வயது நங்கைக்கும் திருமணம் நிகழ்ந்தது. உலகெங்கும் 75 கோடி மக்கள் அதைத் தொலைக்காட்சியில் கண்டு களித்தனர் என அந்நாளில் கணக்கிட்டார்கள். நம் இல்லத்தில் அப்பொழுது தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. நாளிதழில் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தையே நாம் கண்டோம். சில நாட்கள் கழித்து வார இதழ் ஒன்றில் வண்ணப்படம் வெளிவந்தது. நம் துணைவியார் அதனைக் கத்தரித்து, துணி அலமாரிக் கதவின் உட்புறத்தில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினார். நமக்கும் அந்நாளில் மணமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

மணமகளின் ஆடை இருபத்தைந்து அடி நீளம் பின்னால் படர்ந்து கிடந்ததையும், மண வாக்குறுதி கூறும்போது மணமகனின் பெயர்களை அவர் வரிசை மாற்றிச் சொல்லிவிட்டதையும் படித்து நாம் மகிழ்ந்தோம். ஆங்கிலிக்கன் வழிபாடாயினும், நம் திருச்சபையின் கர்தினால் ஹியூம் ஆண்டகையும் மன்றாட்டில் பங்குகொண்டார் என்ற செய்தி நமக்குத் தனி நிறைவு அளித்தது. அன்று மறையுரை ஆற்றியவர் கான்டர்பரிப் பேராயர் ரன்சி. தேவதைக் கதைகள் இத்தகைய நிகழ்ச்சிகளால்தான் ஆனவை என்று அவர் தொடங்கினார். அந்த ஒரு வாக்கியத்தை உலகப் பத்திரிகைகள் யாவும் தலைப்பாக்கின.

ஆனால் பேராயர் அத்தோடு நிறுத்தவில்லை. தேவதைக் கதைகள் திருமணத்தோடு முடிந்துவிடுகின்றன; கிறிஸ்தவ நோக்கு அதுவன்று; மணநாள் போய்ச் சேரும் இடமன்று, பயணம் உண்மையில் புறப்படும் இடம் என்று தொடர்ந்து கூறினார். இந்தப் பகுதியை எவரும் தலைப்பாக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்தே நாமும் இதனைப் படித்தறிந்தோம். அன்று அதை உலகம் கேட்டிருந்தால், ஏன், அந்த மணமக்களே கேட்டிருந்தால், என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

டயானா 1961ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று சாண்டிரிங்காம் அரண்மனைப் பண்ணையைச் சேர்ந்த பார்க் இல்லத்தில் பிறந்தார். தொன்மையான பிரபுக் குடும்பம், செல்வத்துக்குக் குறைவில்லை. குறைவு வேறிடத்தில் இருந்தது. அவருக்கு முந்தைய ஆண்டு பிறந்த ஆண்மகவு சில மணி நேரத்திலேயே இறந்துவிட்டது. வாரிசுக்காக ஏங்கிய வீட்டில் மூன்றாவது பெண்ணாக வந்தவர் அவர். பின்னர் 1964இல் தம்பி பிறந்தான். 1967இல், டயானாவின் ஆறாம் வயதில், தாய் பிரான்சஸ் அம்மையார் கணவரைப் பிரிந்தார். 1969இல் மணமுறிவு ஏற்பட்டது. பிள்ளைகளை யார் வளர்ப்பது என்ற வழக்கில், தாயைப் பெற்ற பாட்டியே தம் மகளுக்கு எதிராக மருமகன் பக்கம் நின்றார். பிள்ளைகள் தந்தையிடம் விடப்பட்டனர். இரவின் இருளில் தம்பி அம்மாவைக் கேட்டு அழும் ஓசை தம் காதில் விழும் என்று டயானா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அத்தகைய வீட்டில் வளர்ந்த பெண், தன் இல்லறமாவது குலையாதிருக்க வேண்டும் என்று மற்றவரைக் காட்டிலும் மிகுதியாக ஏங்குவது இயல்பே. அவரும் அவ்வாறே ஏங்கினார். பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் தம் திருமணத்தை நிலைநிறுத்த இன்னும் கடுமையாக முயல்வார்கள் என்று அவரே பின்னாளில் சொன்னார்.

1980ஆம் ஆண்டு கோடையில் இளவரசருக்கும் அவருக்கும் நெருக்கம் ஏற்பட்டது. டயானா அப்பொழுது இலண்டனில் ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளராகப் பணியாற்றி வந்தார். 1981 பிப்ரவரி 24 அன்று மண உறுதி அறிவிக்கப்பட்டது. அவருக்கு வயது 19, இளவரசருக்கு 32. அன்றைய பேட்டியில், நீங்கள் ஒருவரையொருவர் காதலிக்கிறீர்களா என்று செய்தியாளர் கேட்டார். ஆம், அதிலென்ன ஐயம் என்றார் பெண். காதல் என்பதன் பொருள் எதுவாக இருந்தாலும் சரி என்று கூட்டிச் சொன்னார் மாப்பிள்ளை. கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாத இடம் அது.

இளவரசரின் உள்ளத்தில் வேறொரு பெண்மணியின் நினைவு இருந்தது. கமில்லா என்னும் அப்பெண்மணி 1973இலேயே வேறொருவரை மணந்துவிட்டார். ஆயினும் பற்று அறுபடவில்லை. திருமணத்துக்கு முன்பே டயானா இதனை உணர்ந்து கலங்கினார். பின்வாங்கலாமா என்று தம் அக்காமார் இருவரிடமும் கேட்டார். உன் முகத்தைத் துண்டுகளில் எல்லாம் அச்சடித்து விற்கிறார்களே, இனி எப்படிப் பின்வாங்குவது என்று அவர்கள் விளையாட்டாய்ச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதைப் படித்தபோது நமக்குத் திடுக்கிட்டது. பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, கோவிலில் மூன்று ஓலையும் வாசித்தாயிற்று, இப்பொழுது போய் மனம் சரியில்லை என்கிறாயே என்று நம் வீடுகளில் சொல்லப்படும் சொல்லுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? அரண்மனைக்கும் ஓட்டு வீட்டுக்கும் இந்த ஒரு விஷயத்தில் தூரமே இல்லை.

1982 ஜூனில் வில்லியமும், 1984 செப்டம்பரில் ஹாரியும் பிறந்தனர். பிள்ளைகளைத் தாய் உயிராய் வளர்த்தார். ஆனால் கணவன் மனைவியர்க்கு இடையே பேச்சு குறைந்து, ஐயம் வளர்ந்தது. அளவுக்கு மீறி உண்பதும், உண்டதை வலிய வாந்தியெடுப்பதுமான நோயொன்று டயானாவைப் பல ஆண்டுகள் வாட்டியது. இளவரசர் பழைய நட்பை நாடிச் சென்றார். டயானாவும் பின்னர் வேறோர் உறவில் ஆறுதல் தேடினார். அதனை அவரே ஒப்புக்கொண்டார். 1992 ஜூனில் அவருடைய துயரங்களை எல்லாம் விரித்துரைக்கும் நூலொன்று வெளிவந்தது. அவரே இரகசியமாய் ஒலிநாடாக்களில் பேசி அனுப்பிய செய்திகள் அவை என்பது அவர் இறந்த பின்னரே வெளியாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள், இருவரும் பிரிந்து வாழப்போவதாகப் பிரதமர் மேஜர் பாராளுமன்றத்தில் அறிவித்தார். 1994இல் இளவரசர் தொலைக்காட்சியில் தோன்றித் தம் பிழையை ஒப்புக்கொண்டார். 1995 நவம்பர் 20 அன்று இளவரசியாரும் பி.பி.சி. தொலைக்காட்சியில் தோன்றி, தம் திருமணத்தில் மூவர் இருந்தமையால் சற்று நெரிசலாகிவிட்டது என்று கூறினார்.

அந்தப் பேட்டியைப் பற்றிய செய்தி நம் ஊர் நாளிதழில் வந்த நாள் நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரவு உணவின்போது, வீட்டு விவகாரத்தை இப்படியா உலகறியச் சொல்வது, பொறுமை வேண்டாமா என்று நாம் கூறினோம். ஏமாற்றப்பட்டவளுக்குத்தான் எப்பொழுதும் பொறுமையைப் போதிப்பீர்கள் என்றார் துணைவியார். நாம் விடவில்லை, அவரும் விடவில்லை. சிறிது நேரத்தில் இலண்டன் மறைந்துபோயிற்று. பதினைந்து ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்த நம் வீட்டுப் பழங்கணக்குகள் ஒவ்வொன்றாய் வெளிவரலாயின. சொல்லக்கூடாத சொல் ஒன்றை நாம் சொன்னோம். அதனை இங்கே எழுத மனம் கூசுகிறது. கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நம் மகள் தலை நிமிர்ந்தாள். அவளுக்கு அப்பொழுது பதினோரு வயது. “அப்பா, அந்த இளவரசியோட பிள்ளைகளும் இதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருப்பாங்க?” என்றாள்.

இருவருக்கும் பேச்சு எழவில்லை. அன்று வில்லியமுக்கு வயது 13. ஈட்டன் பள்ளி விடுதியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஹாரிக்கு நம் மகளின் வயதுதான். யார் பக்கம் நீதி என்று உலகம் பட்டிமன்றம் நடத்திய அந்நாட்களில், அவ்விரு சிறுவரையும் பற்றி நம் வீட்டில் நினைத்தது ஒரு சிறுமி மட்டுமே. அவள் அவர்களைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பதும் நமக்கு விளங்கியது.

டயானாவைத் துயரத்தின் உருவமாக மட்டும் காட்டினால் அவருக்கு அநீதி செய்தவராவோம். எய்ட்ஸ் நோயாளியைத் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று உலகம் அஞ்சிய காலத்தில், 1987 ஏப்ரலில் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் அந்நோயாளர் பிரிவைத் திறந்துவைத்து, கையுறை அணியாத கையால் நோயாளியின் கையைக் குலுக்கினார். 1989இல் இந்தோனேசியாவில் தொழுநோயாளரின் கரங்களைப் பற்றி அமர்ந்து பேசினார். 1992 பிப்ரவரியில் கல்கத்தா வந்து அன்னை தெரேசாவின் இல்லத்தைக் கண்டார்; அன்னை அப்பொழுது உரோமையில் நோயுற்றிருந்தமையால், அங்கேயே சென்று அவரைச் சந்தித்தார். 1997 ஜனவரியில் அங்கோலா நாட்டில், கண்ணிவெடி அகற்றும் நிலத்தின் நடுவே பாதுகாப்புக் கவசம் அணிந்து நடந்தார். அன்புக்கு ஏங்கிய உள்ளம் ஏங்குவோரை எளிதில் அடையாளம் கண்டுகொண்டது போலும். வெளியே அத்தனை பேருக்கு நீண்ட கை, சொந்த வீட்டில் பற்றிக்கொள்ளக் கையின்றித் தவித்தது என்பதே இதில் நெஞ்சை உருக்கும் செய்தி.

1996 ஆகஸ்டு 28 அன்று மணமுறிவு முற்றுப்பெற்றது. அதற்குப் பின் சரியாக ஓராண்டும் மூன்று நாட்களுமே அவர் வாழ்ந்தார். 1997 ஆகஸ்டு 31, ஞாயிற்றுக்கிழமை. படம் பிடிப்போர் துரத்திவர, பாரிசு நகரின் சுரங்கச் சாலையில் அவர் சென்ற கார் தூணில் மோதியது. காரை ஓட்டியவர் மது அருந்தியிருந்தார். டயானா இருக்கைப் பட்டை அணிந்திருக்கவில்லை. முப்பத்தாறு வயதில் அவர் வாழ்வு முடிந்தது. ஓட்டுநரும் பின்தொடர்ந்த வண்டிகளைச் செலுத்தியோரும் காட்டிய கடும் அசட்டையே அம்மரணத்துக்குக் காரணம் என 2008இல் இலண்டன் விசாரணை நடுவர் குழு முடிவு கூறியது. செப்டம்பர் 5 அன்று அன்னை தெரேசா இறைவனடி சேர்ந்தார். மறுநாள் டயானாவின் அடக்கச் சடங்கு. தாயின் பெட்டிக்குப் பின்னால் பதினைந்து வயது மகனும் பன்னிரண்டு வயது மகனும் நடந்து சென்றனர். எந்தக் குழந்தையையும் அவ்வாறு நடக்கச் சொல்லலாகாது என்று இளையவர் 2017இல் மனம் நொந்து கூறினார்.

அம்மரணத்தில் இன்னொரு தாயின் துயரமும் உண்டு. பிரான்சஸ் அம்மையார் 1990களில் கத்தோலிக்கத் திருச்சபையைத் தழுவியவர். மகள் இறப்பதற்கு முந்தைய நான்கு திங்கள் தாமும் மகளும் பேசிக்கொள்ளவில்லை என்று பின்னாளில் அவர் நீதிமன்றத்தில் சொல்ல நேர்ந்தது. பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருவருமே எண்ணியிருக்கக் கூடும். அந்தப் பிறகு வரவேயில்லை.

ஆண்டுகள் உருண்டோடின. 2005இல் சார்ல்சும் கமில்லாவும் மணந்துகொண்டனர். 2022இல் அவர் மன்னரானார். இடையே 2021 மே மாதத்தில் ஒரு செய்தி வந்தது. 1995ஆம் ஆண்டுப் பேட்டியைப் பெறுவதற்காகப் பொய்யான வங்கிக் கணக்குத் தாள்கள் தயாரிக்கப்பட்டன என்றும், வஞ்சகமான முறையில் டயானாவின் நம்பிக்கை பெறப்பட்டது என்றும் டைசன் பிரபுவின் விசாரணை அறிக்கை உறுதிசெய்தது. அன்று மூத்த மகன் வில்லியம் பேசினார். அந்தப் பேட்டி தம் பெற்றோரின் உறவை மேலும் சீர்குலைக்கப் பெருங்காரணமாயிற்று என்றும், அதன்பின் எண்ணற்றோரைப் புண்படுத்தியது என்றும் கூறினார்.

நம் மகள் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அச்செய்தி வந்த அன்றிரவு தொலைபேசியில் அழைத்தாள். “அப்பா, நான் அன்னைக்குக் கேட்டேனே, ஞாபகம் இருக்கா? அந்தப் பிள்ளை கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கு” என்றாள். இருபத்தாறு ஆண்டுகள் ஆகியும் அவள் அந்த இரவை மறக்கவில்லை. நாம் அன்று சொன்ன அந்தச் சொல்லையும் அவள் மறந்திருக்க மாட்டாள். தொலைபேசியை வைத்த பின், இத்தனை ஆண்டுகளாய்க் கேளாத மன்னிப்பைத் துணைவியாரிடம் கேட்டோம். அவர் சற்று நேரம் மௌனமாய் இருந்துவிட்டு, “இவ்வளவு நாளாச்சா இதைச் சொல்ல?” என்று மட்டும் கேட்டார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே! அரச குடும்பத்தின் வழக்குக்குத் தீர்ப்பு எழுதும் உரிமை நமக்கு இல்லை. கணவர் குற்றவாளியா, மனைவி குற்றவாளியா என்று நாம் தீர்ப்பிட்டு யாருக்கு என்ன பயன்? நம் வீட்டுப் பெண்ணோ பையனோ மண ஓலை வாசித்த பிறகும் மனக்கலக்கம் என்று வந்து நின்றால், அமர்ந்து கேட்போம். அச்சடித்த பத்திரிகைக்கு ஆகும் செலவு பெரிதன்று. நம் சண்டையைக் கேட்கும் சிறு செவிகள் கூடத்தில் உண்டு என்பதை மறவாதிருப்போம். பேசாதிருக்கும் நாட்களை நான்கு திங்களாக வளரவிடாது, பொழுது சாயுமுன் பேசிவிடுவோம்.

அந்தத் துணி அலமாரி இன்னும் நம் வீட்டில் இருக்கிறது. கதவின் உட்புறத்தில் படம் வெளிறிவிட்டது. மணமகளின் முகம் மட்டும் ஓரளவு தெரிகிறது. வெள்ளையடித்தபோது ஒருமுறை அதைக் கிழித்துவிடலாமா என்று கேட்டோம். துணைவியார் ஒப்பவில்லை. இருக்கட்டும், புறப்படும் இடத்தில் எடுத்த படம்தானே என்றார்.