ஏரிக்கரையில் 353 கம்பங்கள்

ஞாயிறு காலை. கான்பெராவின் வெஸ்டன் பூங்காவில் யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே கங்காருகள் மேய்ந்துகொண்டிருக்கின்றன. சிறுவர் ரயில் ஓடும் பக்கத்திலிருந்து பிள்ளைகளின் கூச்சல் வருகிறது. அதைத் தாண்டி, பர்லி கிரிஃபின் ஏரிக்கரையோரப் புல்வெளியில் வெள்ளைக் கம்பங்கள் வளைந்து வளைந்து போகின்றன. காவல் இல்லை, கட்டணம் இல்லை. நாயுடன் நடக்க வந்தவர்கள்கூட ஊடே புகுந்து போகிறார்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன. கிட்டே போனால் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. வெள்ளைப் பூச்சுக்கு நடுவே ஒரு பட்டை அளவுக்கு ஓவியம்: மீன், அலை, பறவை, நீல வண்ணத்தில் தோய்த்துப் பதித்த சின்னஞ்சிறு கைகள். வரைந்த பள்ளி, தேவாலயம், ஊர்ச் சங்கம் எது என்று எழுதியிருக்கிறது. சில கம்பங்களில் யாரோ ஒருவரின் பெயரும் இருக்கிறது. ஒரு கம்பத்தில் மஞ்சள் சாயம் வெயிலில் வெடித்துச் செதில் செதிலாக நிற்கிறது. அடியில் சிலந்தி வலை கட்டியிருக்கிறது.

ஓர் அப்பாவும் மகளும் வருகிறார்கள். மகளுக்கு ஆறு வயதிருக்கலாம். உயரமான கம்பங்களை விட்டுவிட்டுக் குட்டைக் கம்பம் ஒன்றிடம் ஓடி, அதில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து நிற்கிறாள். உள்ளங்கையைத் தலைமேல் தட்டையாக வைத்துப் பார்க்கிறாள். வீட்டுக் கதவோரம் பென்சிலால் கோடு போட்டு உயரம் பார்க்கும் பழக்கம் இருக்கும்போல. சிரித்துக்கொண்டே வந்த அப்பா தகவல் பலகையைப் படிக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அடுத்த குட்டைக் கம்பத்துக்குப் போய்விட்டாள்.

பெரியவர்களுக்கு உயரக் கம்பம், குழந்தைகளுக்குக் குட்டைக் கம்பம். 2001 அக்டோபர் 19 அன்று, இந்தோனேசியாவிலிருந்து கிறிஸ்துமஸ் தீவை நோக்கிப் புறப்பட்ட படகு ஜாவாவுக்குத் தெற்கே கவிழ்ந்தது. இறந்தவர்கள் 353 பேர்: குழந்தைகள் 146, பெண்கள் 142, ஆண்கள் 65. பெரும்பாலும் ஈராக்கியர்கள், ஆப்கானியர்கள். படகுக்குப் பெயரில்லை. சீவ் எக்ஸ் என்பது கரையிலிருந்தவர்கள் பிறகு வைத்த அடையாளம்.

கம்பங்கள் ஓரிடத்தில் இரண்டு வரிசையாகப் பிரிந்து அந்தப் படகின் உருவத்தை அதே அளவில் வரைகின்றன. நீளம் பத்தொன்பதரை மீட்டர், அகலம் நான்கு மீட்டர். இரண்டு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் அதைவிட நீளமாக இருக்கும். ஒரு முதிய தம்பதி உள்ளே நுழைந்து அடி வைத்து அளக்கிறார்கள். மனைவி பாதியிலேயே நின்றுவிடுகிறார். நானூறு பேர் வரை இதில்தான் இருந்தார்கள். கவிழ்ந்தபின் இரவெல்லாம் பலகைத் துண்டுகளைப் பிடித்து மிதந்தவர்களில் நாற்பத்தைந்து பேர் அளவில்தான் மிஞ்சினார்கள். அவர்களைத் தூக்கியெடுத்தவர்கள் இந்தோனேசிய மீனவர்கள். அந்த நாட்களில் ஆஸ்திரேலியாவின் கடற்படையும் விமானங்களும் கண்காணித்துக்கொண்டிருந்த கடற்பரப்பு அது. அப்படிப்பட்ட இடத்தில் இவ்வளவு பெரிய சாவு எவர் கண்ணிலும் படாமல் போனது எப்படி என்று மறுவருடம் செனட் குழுவே வியந்தது. அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

குட்டைக் கம்பங்கள் ஏன் இத்தனை? சட்டத்தில் இருக்கிறது விடை. 1999 முதல், படகில் வந்து அகதி என்று ஏற்கப்பட்டவர்களுக்கு ஆஸ்திரேலியா தற்காலிக விசாதான் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு மனைவி மக்களை வரவழைக்க முடியாது. வெளியே போனால் திரும்பி வரவும் முடியாது. முறையான வழி அடைபட்டதும் தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அந்தப் படகில் ஏறினார்கள். மூன்று பெண் குழந்தைகளை அதில் பறிகொடுத்த தகப்பன் ஒருவர் சிட்னியில் இருந்தார். உயிர் தப்பி இந்தோனேசியாவில் கிடந்த மனைவியிடம் போகலாம், ஆனால் திரும்பி வர உறுதியில்லை என்றுதான் அவருக்குப் பதில் கிடைத்தது.

நினைவிடத்தை அரசு எழுப்பவில்லை. உளவியலாளர் ஸ்டீவ் பிடல்ஃபும் நண்பர்களும் நாடெங்கும் பள்ளிகளிடம் யோசனை கேட்டார்கள். பிரிஸ்பேன் மாணவர் ஒருவரின் யோசனைதான் இந்தக் கம்ப வரிசை. 2006 அக்டோபரில் பல ஊர்களிலிருந்து கம்பங்கள் வந்து சேர்ந்தன. ஆனால் மண்ணில் நட்டு வைக்க அனுமதி கிடைக்கவில்லை. வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளுக்கொரு கம்பத்தைக் கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தைகளும் கிழவர்களும் வரிசையில் நின்றார்கள். பிறகு கிடத்தியும் விட்டார்கள். மறுவருடம் கொஞ்ச காலத்துக்கு என்று நட்ட கம்பங்கள் இன்றுவரை நிற்கின்றன. எனக்கு அந்த 2006ஆம் ஆண்டு நாள்தான் உண்மையான திறப்பு விழா.

அப்பா பலகையைப் படித்து முடித்துவிட்டார். மகளைத் தோளில் தூக்கிக்கொள்கிறார். அவள் இறங்கவேண்டும் என்று காலை உதறுகிறாள். அவர் விடுவதாக இல்லை.

அந்தத் தற்காலிக விசா 2008இல் ஒழிந்தது. 2014இல் திரும்பி வந்தது. இந்த முறை அதில் சிக்கியவர்களில் நம் ஆட்களும் உண்டு. போர் முடிந்தபின் இலங்கையிலிருந்து படகேறி வந்த தமிழர்கள் பலர், மனைவி மக்களைக் கைபேசித் திரையில் மட்டும் பார்த்தபடி தொழிற்சாலைகளிலும் பண்ணைகளிலும் வேலை செய்தார்கள். 2023 பிப்ரவரியில்தான் இந்த விசாக்காரர்களுக்கு நிரந்தரமாகத் தங்க வழி திறந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. 2012இல் கைக்குழந்தையாக ஒரு மகளை விட்டுவந்த தகப்பன் இருந்தால், அதற்குள் அவளுக்குப் பத்து வயது தாண்டியிருக்கும். அவள் எவ்வளவு உயரம் என்பதை அவர் திரையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.