செல் அரிக்காமல் காத்த ஓலைகள்: அடையாறு முதல் தி.நகர் வரை ஒரு சுவடி உலா!

அடையாறு பிரம்மஞான சபையின் வாசலுக்குள் நுழைந்துவிட்டால், வெளியே அலறும் ஹாரன் சத்தம் கொஞ்ச தூரத்திலேயே அடங்கிவிடும். 1989-ல் அடித்த புயலில் தாய்மரம் சாய்ந்த பிறகும், விழுதுகளின் பலத்தில் படர்ந்து நிற்கிறது அந்தப் பெரிய ஆலமரம். வருகிறவர்களில் பலர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அதே வளாகத்தில் இன்னொரு பொக்கிஷமும் இருக்கிறது. கர்னல் ஆல்காட் 1886-ல் தொடங்கிய அடையாறு நூலகம். அச்சுப் புத்தகங்களோடு ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகளும் இங்கே இருக்கின்றன.

ஒரு பக்கம் வங்கக்கடல், இன்னொரு பக்கம் அடையாற்றின் முகத்துவாரம். மனிதர்களுக்கு இதமான இந்தக் காற்று, ஓலைக்கும் காகிதத்துக்கும் ஆகாது. காற்றில் ஈரப்பதம் 65 சதவிகிதத்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சென்னையில் வருஷத்தில் பாதி நாள் அதற்கும் மேல்தான்!

எதிரிகள் யார் யார்?

'செல்லரித்த ஏடு' என்கிறோமே, அந்தச் 'செல்' கரையான்தான். மண்ணிலிருந்து சுவர் வழியாக ஏறி, அலமாரியின் பின்பக்கமாக நுழையும். வெளியே அட்டை பளபளப்பாக இருக்கும். உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. அடுத்தது ராமபாணப் பூச்சி. பசையும் கஞ்சியும் இதற்கு விருந்து. புத்தகத்தின் முதுகையும், கஞ்சி போட்ட துணியையும் சுரண்டித் தின்னும். மூன்றாவது, சுவடியைத் துளைக்கும் சின்ன வண்டு. இதன் புழு ஓர் ஓலையில் தொடங்கி, கட்டின் மறுபக்கம் வரை ஊசி குத்தியதுபோலத் துளை போட்டுவிடும். நூறு ஓலைகளிலும் ஒரே இடத்தில் எழுத்து போய்விடும்.

நம் முன்னோரின் வைத்தியம்

நம்மவர்கள் இதற்கெல்லாம் வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஓலையை வேகவைத்து, நிழலில் உலர்த்திப் பதப்படுத்திய பிறகே எழுத்தாணியால் எழுதுவார்கள். கீறிய எழுத்து தெரிவதற்காக விளக்குக்கரியோடு மஞ்சளையோ இலைச்சாற்றையோ சேர்த்துப் பூசுவார்கள். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து இறுக்கிக் கட்டி, துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்பும் வேப்பிலையும் போட்டு வைப்பார்கள்.

இன்றும் சுவடி நூலகங்களில் ஓலைக்குப் பூசுவது எலுமிச்சைப்புல் எண்ணெய். அதிலுள்ள சிட்ரால் என்ற பொருளின் வாசனை பூச்சிகளுக்குப் பிடிக்காது. காய்ந்து விறைத்த ஓலையும் அந்த எண்ணெயில் நெகிழ்ந்துகொடுக்கும். பூஞ்சைக்குப் புகை போட நூலகங்கள் பயன்படுத்தி வந்த தைமால், நம் சமையலறை ஓமத்தில் இருக்கும் அதே பொருள்தான்.

சரஸ்வதி பூஜையை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகங்களையெல்லாம் இறக்கி, தூசு தட்டித் துடைத்து வைக்கிறோம். அது வருவது வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால். மழைக்காலம் தொடங்குமுன் ஏடுகளை ஒருமுறை முழுக்கச் சரிபார்க்க இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை.

பெசன்ட் நகரில் தமிழ்த் தாத்தா

அடையாறிலிருந்து கொஞ்ச தூரத்தில், பெசன்ட் நகரில் இருக்கிறது டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூலகம். அவர் மறைந்த மறு வருஷம், 1943-ல், ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் உருவானது. 2,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் இங்கே உள்ளன.

ஊர் ஊராகச் சுவடி தேடிப் போன உ.வே.சா-வுக்குப் பல இடங்களில் கிடைத்தது ஏமாற்றம்தான். சில ஏடுகள் செல்லரித்துத் தூளாகியிருந்தன. சிலவற்றை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டிருந்தார்கள். கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னதைக் கேட்டு அவர் மனம் உடைந்துபோனார். மிஞ்சியவற்றை ஒப்பிட்டுத்தான் 1887-ல் சீவக சிந்தாமணி, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு என்று அச்சில் கொண்டுவந்தார்.

எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் ஓலைக்குச் சில நூற்றாண்டுகள்தான் ஆயுள். யாரோ ஒருவர் புது ஓலையில் பார்த்து எழுதி வைத்தால்தான் அந்த நூல் பிழைக்கும். சங்கப் பாடல்கள் நம்மிடம் வந்து சேர்ந்தது அப்படித்தான். ஒரு தலைமுறை பிரதி எடுக்க மறந்தால், பிறகு பூச்சியின் ராஜ்யம்தான்.

கோட்டூர்புரத்தில் ஸ்கேனர்

அந்தப் பிரதி எடுக்கும் வேலை இப்போது கோட்டூர்புரத்தில் ஸ்கேனர் மூலம் நடக்கிறது. 1869-ல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இயங்குகிறது. காலின் மெக்கன்சி திரட்டிய ஏடுகளும் இங்கேதான் உள்ளன. பக்கத்திலேயே இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களையும் சுவடிகளையும் செல்போனிலேயே பார்க்கலாம்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது வெள்ளம் புகுந்த பகுதிதான் இந்தக் கோட்டூர்புரம். பள்ளிச் சான்றிதழ், பத்திரம், கல்யாண ஆல்பம் என்று எத்தனையோ வீடுகளில் எல்லாம் ஊறிப்போயின. நனைந்த காகிதத்தில் இரண்டு, மூன்று நாட்களிலேயே பூஞ்சை பிடித்துவிடும். அப்படி நனைந்தால் சுட்டெரிக்கும் வெயிலில் போடாமல், நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பலவந்தமாகப் பிரிக்கக் கூடாது.

மயிலாப்பூர், தி.நகர் வழியாக வீட்டுக்கு

மயிலாப்பூரின் நாட்டு மருந்துக் கடைகளில் வசம்பு இன்றும் கிடைக்கிறது. வாங்கித் துணியில் முடிந்து புத்தக அலமாரியில் போடலாம். பைண்டிங் செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பதும் பூச்சிக்குப் பயந்துதான். அது விஷம் என்பதால் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

தி.நகரில் பார்த்துப் பார்த்து எடுத்த பட்டுப்புடவைக்கும் இதே ஆபத்து உண்டு. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பூச்சியை அழைக்கும். எனவே, உடுத்தியதும் காற்றாட விட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். 'அந்து' என்ற பூச்சிக்காக வந்த அந்துருண்டை, குழந்தைகள் வாயில் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கைக்குழந்தைகளின் துணியில் அதை வைக்கவே கூடாது.

அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளிப் போடுங்கள். புத்தகத்தில் பூச்சி இருந்தால், பிளாஸ்டிக் கவரில் காற்று புகாமல் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைக்கலாம். எடுத்த பிறகு ஒரு நாள் கழித்துத்தான் கவரைப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் புத்தகத்தின் மேலேயே நீர் கோத்துவிடும்.

ஊரில் தாத்தா வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு ஏதாவது கிடக்கிறதா? தேங்காய் எண்ணெய் தடவி நீங்களே சுத்தம் செய்ய வேண்டாம். சுவடி நூலகத்தில் காட்டுங்கள். ஒரு பிரதியாவது எடுத்து வையுங்கள். அதில் இருப்பது வைத்தியமோ, ஜோதிடமோ, யாரும் இதுவரை படிக்காத பாட்டோ. அடுத்த மழைக்கு முன் அதை இறக்கிவிடுங்கள்.