காதுக்குப் பின்னாலும் பாருங்கள்

ஜேர்மனியில் முதியோர் பராமரிப்பு வேலை செய்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தனியே வாழும் வயதானவர்களுக்குக் குளிப்பதே பெரும்பாடு. முழங்கால் வலி, வழுக்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம், மறதிநோய், மனச்சோர்வு. கை எட்டாத இடங்களில் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் இறந்த தோலும் சேர்ந்து பழுப்புச் செதிலாகப் படியும். மருத்துவத்தில் இதற்கு 'டெர்மடோசிஸ் நெக்லெக்டா' என்று பெயர். வெதுவெதுப்பான தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு மெதுவாகக் கழுவி வந்தால் பெரும்பாலும் போய்விடும்.

அந்தப் படிவுக்கு அடியில் வேறொன்று இருந்தால்தான் ஆபத்து. மூக்கோரம், காதின் பின்புறம், வழுக்கைத் தலை, முதுகு என்று தோல் புற்றுநோய் வலியே இல்லாமல் வளரக்கூடும். பார்ப்பவர்கள் "ஊத்தைதான்" என்று கடந்துவிடுவார்கள். கழுவிய பிறகும் மிஞ்சும் தடிப்பு, திரும்பத் திரும்பப் பொருக்குக் கட்டும் புண், வாரக்கணக்கில் ஆறாத காயம், இவற்றை வைத்தியர் பார்த்தே ஆக வேண்டும்.

2008 ஜூலை முதல் இங்கே பொது மருத்துவக் காப்புறுதி உள்ளவர்கள், 35 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தோல் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம். தலை முதல் உள்ளங்கால் வரை பார்ப்பார்கள். செலவைக் காப்புறுதியே ஏற்கும்.

"எங்கட நிறத்துக்கு அது வராது" என்பது தவறு. குறைவாகவே வரும், ஆனால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் ஒளிந்திருந்து, பிந்தித் தெரியவருவதுண்டு.

பெற்றோரை வெட்கப்படுத்தாதீர்கள். உடம்பில் அழுக்குப் படிந்தது அவர்கள் குற்றமல்ல, அவர்களுக்கு உதவி தேவை என்பதன் அடையாளம். முதுகைக் கழுவிவிடுங்கள், கால்விரல் இடுக்குகளைத் துடைத்துவிடுங்கள், அப்போதே கண்ணாலும் கவனியுங்கள். இந்த வாரமே அவர்களுக்காக வைத்தியரிடம் நேரம் பதிவு செய்யுங்கள்.