30 உயிரும் ஒரு டியூப் டிவியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொசுவத்தி சுத்துற கட்டுரை. "அந்தக் காலத்துல..." என்று யாராவது ஆரம்பித்தாலே ஓடுகிறவர்கள் இப்போதே ஓடிவிடலாம் :-)

போன பொங்கலன்று சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா மகன் போன் பண்ணியிருந்தார். எனக்கு எட்டு வயது மூத்த அண்ணன். பேச்சு எங்கெங்கோ சுற்றி வீடியோ கேமில் வந்து நின்றது. "என்னதான் சொல்லு, கான்ட்ரா மாதிரி ஒரு கேம் இனிமே வராதுடா" என்றார். கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கிற திமிர் எனக்கு. "அது அப்படி ஒண்ணும் பெரிய கேம் இல்லண்ணே. அப்ப நமக்கு வேற எதுவும் கிடைக்கல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "சரிடா தம்பி, வச்சிடறேன்" என்று வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து மனசுக்குள் ஒரே உறுத்தல். நான் சொன்னது சரிதானா?

எங்கள் ஊர் ஆலங்குடி பக்கம். 2006ல் தொடங்கி தமிழக அரசு கொடுத்த இலவச கலர் டிவி எங்கள் வீட்டுக்கு 2009 கடைசியில் வந்தது. 14 அங்குல டியூப் டிவி. அடுத்த வருடம் புதுக்கோட்டை திருவப்பூர் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில், கடைக்காரரிடம் பேரம் பேசி அண்ணன் ஒரு கேம் பெட்டி வாங்கினார். துப்பாக்கியோடு சேர்த்து 450 ரூபாய். இரண்டு கேசட். ஒன்றில் '9999 இன் 1' என்று போட்டிருந்தது. உட்கார்ந்து எண்ணியதில் பதினாறு கேம்தான் தேறியது. மற்றதெல்லாம் அதே கேம் வேறு பேரில்! இன்னொரு மஞ்சள் கேசட்டில் நாலே நாலு. அதில்தான் கான்ட்ரா.

"புதுசு தம்பி, இப்பதான் வந்துருக்கு" என்றார் கடைக்காரர். அந்தப் பெட்டி, 1983ல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் 'டேங்க்' என்று சொன்னது பேட்டில் சிட்டி, 1985. வாத்து சுடுகிற டக் ஹன்ட் 1984. ஃபேமிகாமுக்குக் கான்ட்ரா வந்தது 1988. நாங்கள் ஆடிய 2010ல் பிளேஸ்டேஷன் 3 வந்தே நாலு வருடம் ஆகியிருந்தது. அதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? டிவி வந்தது, திருவிழா வந்தது, பெட்டி வந்தது. எங்களைப் பொறுத்தவரை கான்ட்ரா 2010 மாசி மாதம் ரிலீஸ் ஆன படம்.

எந்த கேம் எங்கள் கைக்கு வந்தது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு மலிவான கேசட்டில் நிறைய கேம்களை அடைக்கவேண்டும் என்றால் ஒவ்வொன்றும் சின்னதாக இருக்கவேண்டும். சூப்பர் மேரியோ வெறும் 40 கிலோபைட். பேட்டில் சிட்டி 24. இன்றைக்கு வாட்ஸப்பில் வருகிற ஒரு குட்மார்னிங் படம்கூட அதைவிடப் பெரியது. ஆட்டத்தைச் சேமித்து வைக்கவேண்டிய நீளமான கேம் என்றால் கேசட்டுக்குள் தனியாக பேட்டரி வேண்டும். திருவிழாக் கடைக்காரருக்கு அது கட்டுப்படியாகுமா? ஆக, எங்களுக்கு வந்ததெல்லாம் ஐந்து நிமிடத்தில் ஒரு கட்டம் முடிகிற சின்ன கேம்கள். 2012 மின்வெட்டு சமயத்தில் அதுவே தோதாகவும் இருந்தது. கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?

அண்ணன் 2015ல் சிங்கப்பூர் போனார். 2018 நவம்பர் 16, கஜா புயல். எங்கள் ஓட்டு வீட்டின் ஒரு பக்கம் திறந்துகொண்டது. கொல்லையில் தென்னைகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. தெருவுக்குக் கரண்ட் வர இருபது நாளுக்கு மேல் ஆனது. வந்த பிறகு பார்த்தால் டிவி ஓடவில்லை, பெட்டிக்குள்ளே சேறு. எல்லாவற்றையும் அப்பா பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். தென்னை போன துக்கத்தில் இருந்த வீட்டில் அதைப்பற்றி யார் பேசுவார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சொன்னது சரியா என்று பார்த்துவிடுவோம் என்று லேப்டாப்பில் எமுலேட்டர் போட்டு ஆட ஆரம்பித்தேன்.

முதலில் ஜெல்டா. 1986ல் வந்தது. உலகமே கொண்டாடுகிற கேம், ஆனால் எங்கள் கேசட்டில் கிடையாது. அரை மணி நேரத்தில் மூடிவிட்டேன். எங்கே போகவேண்டும் என்றே புரியவில்லை. பத்து வயதில் கையில் கிடைத்திருந்தால் நானும் கொண்டாடியிருப்பேனோ என்னவோ. இதற்கு நேர் எதிர் பேட்டில் சிட்டி. அந்தக் காலத்தில் அது அமெரிக்காவில் முறைப்படி வெளியாகவே இல்லை. நம் ஊரில் பெட்டி வைத்திருந்த பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் 'டேங்க்' என்பார்கள். அங்கே வளர்ந்தவர்களுக்கு அந்த ஞாபகம் எப்படி இருக்கும்?

அடுத்து கான்ட்ரா. இங்கேதான் எனக்கு முதல் அடி. அசல் கேமில் மூன்றே உயிர்! எங்கள் கேசட்டில் ஆரம்பிக்கும்போதே 30 உயிர் இருக்கும். அதுதான் கேமே என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று உயிரோடு மூன்றாவது கட்டத்து அருவியை என்னால் தாண்டவே முடியவில்லை.

அந்த அருவியில் மேலே மேலே தாவி ஏறவேண்டும். இரண்டு பேர் ஆடும்போது ஒருவர் வேகமாக ஏறினால் திரையும் கூடவே ஏறும். கீழே நிற்கிறவர் காலி. எனக்கு அப்போது ஆறு வயது, ஒழுங்காகத் தாவத் தெரியாது. நான் ஏறி வரும்வரை அண்ணன் ஒரே பாறையில் நிற்பார். நிற்கிற நேரத்தில் குண்டு பட்டுச் சாவார். எனக்கு இருபது உயிர் மிச்சமிருக்கும்போது அவருக்கு நாலோ ஐந்தோதான் இருக்கும். அவருக்கு ஆடத் தெரியவில்லை என்று அப்போது நான் கேலி பண்ணியிருக்கிறேன்!

விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து மூன்று உயிரோடு ஆடியபோதுதான் இது ஞாபகம் வந்தது. அண்ணன் சொன்ன கான்ட்ரா வேறு, நான் மட்டம் தட்டிய கான்ட்ரா வேறு.

அப்படியானால் எல்லாமே ஞாபகம்தானா, கேமில் ஒன்றுமே இல்லையா? அதையும் பார்த்துவிடலாம் என்று லீவில் சித்தி மகளிடம் லேப்டாப்பைக் கொடுத்தேன். பத்து வயது. டியூப் டிவியைப் பார்த்த ஞாபகம்கூட அவளுக்குக் கிடையாது. கான்ட்ராவை ஐந்து நிமிடத்தில் "போரடிக்குதுண்ணே" என்று தள்ளிவிட்டாள். ஆனால் டேங்க்? ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. சுவர்களை நாமே வைத்துக் களம் அமைக்கிற வசதி அதில் உண்டு. காப்பாற்றவேண்டிய கழுகைச் சுற்றி (நாங்கள் அதைக் கோழி என்போம்) இரும்புச் சுவர் கட்டிவிட்டு, "இப்ப வரச்சொல்லு" என்றாள். 2010ல் நாங்கள் செய்ததும் அதையேதான்.

ஆக, எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். நாங்கள் கான்ட்ராவைத் தலையில் தூக்கி வைத்ததில் பாதிக்கு மேல் அந்த நேரமும் அந்த 30 உயிரும் கூட ஆடிய ஆளும் இருக்கிறார்கள். டேங்குக்கு அந்தத் துணை வேண்டியதில்லை. எது எந்த வகை என்று தெரியவேண்டுமானால், அந்த ஞாபகமே இல்லாத ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்கவேண்டும். நான் அதைச் செய்யாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "வேற எதுவும் கிடைக்கல" என்றது பொய்யில்லை. ஆனால் கிடைத்த ஒன்றை வைத்துக்கொண்டு அண்ணன் எனக்காக நின்றாரே, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானே போன் போட்டேன். "அண்ணே, அந்த அருவில எனக்காக நிப்பீங்கல்ல?"

சிரித்தார். "நீ எங்கடா ஏறின? நிக்காம என்ன பண்ணச் சொல்ற?" அப்புறம் அவரே கேட்டார், "துப்பாக்கி கேம் இருக்கா?"

அங்கேதான் சிக்கல். அந்தத் துப்பாக்கி டியூப் டிவியில் மட்டும்தான் வேலை செய்யும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளையாகும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பிடித்துவிட்டால் வாத்து காலி. இப்போதைய எல்இடி டிவி படத்தைக் காட்டக் கொஞ்சம் தாமதிக்கும், அதனால் எவ்வளவு சுட்டாலும் படாது.

அண்ணன் சித்திரையில் ஊருக்கு வருகிறார். ஒரு பழைய பெட்டியும் துப்பாக்கியும் தெரிந்தவரிடம் சொல்லி வைத்துவிட்டேன். ஆலங்குடி சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுப் பரணிலாவது அந்த அரசு டிவி ஓடுகிற நிலைமையில் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து தூக்கிக்கொள்கிறேன். வாத்து தப்பினால் புதருக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து சிரிக்கும். அதைப் பார்த்து அண்ணன் திட்டுவதை இன்னொரு தடவை கேட்கவேண்டும் :-)